கரண்டு வண்டியும் ஒரு சார்ஜரும்



இன்றைய பேச்சு கரண்டு வண்டியைப் பற்றியது. மெதுவாக உருளும் சின்ன வண்டி அல்ல. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மேட்டில் சிரமப்படாமல் ஏறுகிற, பெட்ரோல் வண்டிக்குச் சமமாக ஓடுகிற வண்டி. அதை எப்படிப் பார்த்துக்கொள்வது? அதில் எதை மாற்றலாம்? எதில் கை வைக்கக் கூடாது?

கரண்டு என்பது தங்கவயலுக்குப் புதிதா? இல்லை. 1902-ஆம் ஆண்டிலேயே இங்கு கரண்டு வந்துவிட்டது. சிவசமுத்திரத்தில் காவிரி அருவியாக விழுகிறது. அங்கே மின்சாரம் எடுத்தார்கள். சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்குக் கொண்டு வந்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். பெங்களூருக்கு மூன்று வருஷம் முன்னாடியே தங்கவயலில் கரண்டு! ஆனால் அது வந்தது சுரங்கத்துக்காக. தொழிலாளியின் குடிசைக்காக அல்ல. இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

இன்று அதே கரண்டு லைன் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்குள் புகுந்திருக்கிறது. அந்த வண்டிகளும் தூரத்தில் செய்யப்படுவதில்லை. ஓசூரில் ஏத்தர் வண்டியும் டி.வி.எஸ். வண்டியும் தயாராகின்றன. போச்சம்பள்ளி பக்கம் ஓலா வண்டி. பெங்களூர் அல்ட்ராவயலெட் நிறுவனம் 2022 நவம்பரில் எஃப்77 என்ற வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அது மணிக்கு 140 கிலோமீட்டருக்கு மேல் போகும். அவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்டால், வாங்கியவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, கதைக்கு வரலாம்.

மாரிக்குப்பத்தில் ஒரு லைன் வீடு. அம்மா, நைனா, மகன். பெயர் வேண்டாம். தங்கவயலில் இப்படிப் பல வீடுகள் உண்டு.

நைனா சுரங்கத்தில் வைண்டிங் இன்ஜின் ஓட்டியவர். ஆட்களைக் கூண்டில் வைத்துப் பூமிக்குள் இறக்கும் இன்ஜின் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அன்றோடு அவர் வேலையும் போயிற்று. மகன் வளர்ந்து பெங்களூருக்கு ரயிலில் போய் வந்தான். விடியுமுன் கிளம்பினால் இரவுதான் திரும்புவான். இப்போது கோலார் டவுனில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. போக வர அறுபது கிலோமீட்டருக்கு மேல். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. கடன் வாங்கிக் கரண்டு வண்டி எடுத்தான். பச்சை நம்பர் பிளேட் போட்ட, பதிவு செய்த வண்டி.

வண்டியின் பேட்டரியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 72 வோல்ட், 40 ஆம்பியர் அவர் என்று அதில் இருந்தது. இது என்ன கணக்கு?

குழாய்த் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எவ்வளவு அழுத்தத்தோடு வருகிறது? அதுதான் வோல்ட். எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? அதுதான் ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். மோட்டாரின் பலம் வாட் கணக்கில்தான் சொல்லப்படும். மகனின் வண்டி மோட்டார் 4000 வாட்.

72-ஐ 40-ஆல் பெருக்கினால் 2880. அதாவது கிட்டத்தட்ட 3 யூனிட். கரண்டு பில்லில் வரும் அதே யூனிட்தான். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாக வீணாகும். ஆகவே மீட்டரில் மூன்றேகால் யூனிட் ஓடும். பில்லில் ஒரு யூனிட் என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொண்டால் ஒரு முழு சார்ஜுக்கு ஆகும் செலவு தெரிந்துவிடும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும்.

விளம்பரத்தில் சொன்ன தூரம் மட்டும் வரவில்லை. எந்த வண்டியிலும் வராது. நிதானமாகப் போனால் 80 கிலோமீட்டர் வந்தது. முறுக்கிக்கொண்டு போனால் 50-தான். ஏன்? வேகம் இரண்டு மடங்கானால் எதிர்க்காற்று நான்கு மடங்கு தள்ளும். பேட்டரியில் பாதி அந்தக் காற்றோடு மல்லுக்கட்டவே போய்விடும்.

மகனுக்கு இரண்டு குறை. சார்ஜ் ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது. கூட்டாளியின் பெட்ரோல் வண்டி இவனை முந்துகிறது. ஒரு நாள் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பழைய சார்ஜரை வாங்கி வந்தான். பெரிய சார்ஜர். இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

அம்மா அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தார். கண்ணில் பட்ட எண்ணையெல்லாம் படிப்பார். பஸ் நம்பர், ரேஷன் அட்டை, தீப்பெட்டி, எதையும் விடமாட்டார். இரண்டு சார்ஜரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஏன்டா, ரெண்டுலயும் ஒரே நம்பர் இருக்கணுமில்ல? பழசுல எம்பத்திநாலுன்னு போட்டிருக்கு. புதுசுல எம்பத்தேழு, புள்ளி, ஆறு."

"மூணு வோல்ட்டுதாம்மா அதிகம். ஒண்ணும் ஆவாது. எழுபத்திரெண்டு வோல்ட் வண்டிக்குன்னு கேட்டுத்தான் வாங்கினேன்."

"அப்போ நம்பர் எதுக்குடா போட்டிருக்கான்?"

திண்ணையில் இருந்த நைனா வாயைத் திறந்தார். "கயித்தைப் பார்க்காம ஒரு நாளும் நாங்க கூண்டை எறக்கினதில்லடா. மூணோ முப்பதோ, தெரிஞ்சவனைக் கேட்டுட்டு அப்புறம் மாட்டு."

மகனுக்குக் கோபம். இருந்தாலும் மறுநாள் மெக்கானிக்கிடம் போனான். கரண்டு வண்டி வேலை முறையாகக் கற்றுக்கொண்டவர் அவர். சார்ஜரைக் கையில் வாங்கியதும் திருப்பிச் சீட்டைத்தான் பார்த்தார்.

"தம்பி, இதை வண்டியில மாட்டிட்டியா?"

"இல்லண்ணா. அம்மா விடல."

"நல்லதாப் போச்சு. உக்காரு, சொல்றேன்."

மெக்கானிக் சொன்னது இதுதான். பேட்டரி என்பது ஒரே கட்டி அல்ல. உள்ளே சின்னச் சின்ன செல்கள் இருக்கும். மகனின் வண்டியில் அவை 20 அடுக்காகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ஓர் அடுக்கு நிரம்பினால் 4.2 வோல்ட். இருபது அடுக்குக்கு 84 வோல்ட். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. 87.6 வோல்ட் சார்ஜர் வேறு வகை பேட்டரிக்கு. இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த செல்கள் அதில் இருக்கும். 24 அடுக்கு, ஒவ்வொன்றும் 3.65 வோல்ட். கடையில் இரண்டையும் "72 வோல்ட்" என்றே சொல்லி விற்பார்கள். ஒன்றின் சார்ஜரை மற்றொன்றில் மாட்டினால், 4.2 தாங்கும் செல்லில் 4.38 வரை திணித்ததாகும். செல் சூடாகும். வீங்கும். தீயும் பிடிக்கலாம்.

"பேட்டரிக்குள்ள பி.எம்.எஸ். இருக்கேண்ணா? அது நிறுத்திடாதா?"

பி.எம்.எஸ். என்பது பேட்டரிக்குள் இருக்கும் காவல் பலகை. மின்னழுத்தம் கூடினாலும், சூடு கூடினாலும் அது இணைப்பைத் துண்டிக்கும்.

"நிறுத்தும். நிறுத்தாமலும் போகும். வாட்ச்மேன் இருக்கான்னு ராத்திரி கதவைத் தொறந்து போட்டுத் தூங்குவியா?"

இன்னொரு கணக்கும் இருந்தது. பழைய சார்ஜர் தருவது 8 ஆம்பியர். வீட்டுச் சுவரிலிருந்து அது சுமார் மூன்றரை ஆம்பியர் இழுக்கும். புதியது தருவது 20 ஆம்பியர். சுவரிலிருந்து எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். லைன் வீட்டில் மின்விசிறிக்கும் டி.வி.க்கும் போட்ட சின்ன பிளக்கில் அதை மாட்டினால் என்ன ஆகும்? பிளக் உருகும். சுவருக்குள் இருக்கும் மெல்லிய வயர் சூடாகும். பெரிய சார்ஜருக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். அதற்கேற்ற தடித்த வயர் வேண்டும். எர்த் கம்பி உண்மையிலேயே மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. பல வீடுகளில் மூன்றாவது ஓட்டை அழகுக்குத்தான் இருக்கிறது. கசிவு வந்தால் தானே அணையும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போட்டுவிட்டால் நல்லது.

இதெல்லாம் வீண் பயமா? வேலூர் தங்கவயலுக்கு எவ்வளவு தூரம்? 2022 மார்ச்சில் அங்கே ஒரு வீட்டில் இரவில் வண்டி சார்ஜில் இருந்தது. தீப்பிடித்தது. தகப்பனும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். மகள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அதே வருஷம் செப்டம்பரில் செகந்திராபாத்தில் கரண்டு வண்டிக் கடையில் பிடித்த தீயின் புகை மேலே இருந்த ஓட்டலுக்குள் ஏறியது. எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த வருஷத்துத் தீ விபத்துகளுக்குப் பிறகு, 2022 டிசம்பரிலிருந்து பேட்டரிகளுக்கான பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. விதி தொழிற்சாலைக்குத்தான். வீட்டுக்குள் வந்து பிளக்கைப் பார்க்க விதியால் முடியாது.

லைன் வீட்டுக்கு ஒரே வாசல். ஆகவே அந்த வாசலை அடைத்துக்கொண்டு வண்டியைச் சார்ஜ் போடவே கூடாது. தீப்பிடித்தால் எப்படி வெளியே வருவது? முடிந்தவரை வெளியே, கூரைக்குக் கீழே, மழை படாத இடத்தில் போட வேண்டும். வீட்டில் ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போட வேண்டும். ஓட்டி வந்தவுடனே மாட்டக் கூடாது. பேட்டரி சூடாக இருக்கும். அரை மணி நேரம் ஆறவிட்டு மாட்ட வேண்டும். துணியைப் போட்டு மூடக் கூடாது. பக்கத்தில் அடுப்போ மண்ணெண்ணெயோ இருக்கக் கூடாது.

பேட்டரி வீங்கினாலோ, இனிப்பான மருந்து வாசனை வந்தாலோ, உஸ் என்று சத்தம் கேட்டாலோ, பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். கை எட்டினால் மெயின் சுவிட்சை அணையுங்கள். எல்லோரையும் வெளியேற்றுங்கள். 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்கள். ஒரு செல் எரிந்தால் அதன் சூட்டில் அடுத்த செல் எரியும். மண்ணைப் போட்டு மூடினாலும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். அணைந்தது போலத் தெரிந்து மறுபடி பிடிக்கும். நிறையத் தண்ணீர் ஊற்றிச் சூட்டைத் தணிக்கத் தீயணைப்புக்காரர்களால்தான் முடியும். அந்தப் புகை விஷம். வண்டி போனால் போகட்டும்.

சார்ஜர் விஷயம் முடிந்தது. மகன் விடவில்லை.

"வேகத்தையாவது ஏத்திக் குடுங்கண்ணா. வேற கன்ட்ரோலர் போட்டா ரெட்டிப்பா இழுக்கும்கிறாங்க."

கன்ட்ரோலர் என்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் பெட்டி. கைப்பிடியை எவ்வளவு முறுக்குகிறோமோ அவ்வளவு ஆம்பியரை அது மோட்டாருக்கு விடும். மகனின் வண்டியில் அதிகபட்சம் 55 ஆம்பியர். அதை 110 ஆக்க முடியுமா? முடியும். வண்டி சீறிப் பாயும். ஆனால் வயரில் உண்டாகும் சூடு இரண்டு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும். ஆம்பியர் மூன்று மடங்கானால் சூடு ஒன்பது மடங்கு. வயர் அதே வயர்தான். செல் அதே செல்தான். பிரேக்கும் அதே பிரேக். வேகத்தை இரட்டிப்பாக்கிய வண்டியை நிறுத்த நான்கு மடங்கு தூரம் வேண்டும். இதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவு. கம்பெனி செய்து பதிவான வண்டியின் அடிப்படை அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. சின்ன வண்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 250 வாட்டுக்கு மேல் போகாத, 25 கிலோமீட்டருக்கு மேல் ஓடாத வண்டிக்குத்தான் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. ஏதோ ஒரு வயரைக் கழற்றினால் அது 45-இல் ஓடும் என்று சிலர் செய்து கொடுக்கிறார்கள். அந்த நிமிஷமே அது பதிவில்லாத மோட்டார் சைக்கிள் ஆகிவிடும். யார் மீதாவது மோதினால் காப்பீடு கிடையாது. லைன் வீட்டை விற்றாலும் நஷ்டஈடு கட்ட முடியாது.

பேட்டரியின் விலையையும் யோசிக்க வேண்டும். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பேட்டரிக்குத்தான். கன்ட்ரோலரை மாற்றினால் கம்பெனி வாரண்டி போயிற்று.

"அப்போ எதையுமே மாத்தக் கூடாதாண்ணா?"

"யாரு சொன்னா? மாத்து. அம்மாவை ஏத்திட்டுப் போறியே, அவங்க கால் வைக்க நல்ல மிதி இருக்கா? முதல்ல அதை மாத்து."

மாற்றக் கூடியவை நிறைய உண்டு. முதுகு வலிக்காத சீட் போடலாம். பின்னால் உட்காருபவர்களுக்குப் புடவைக் காப்பும் கைப்பிடியும் போடலாம். சாமான் பெட்டி போடலாம். அதே அளவில் நல்ல பிடிமானமுள்ள டயர் போடலாம். தரமான பிரேக் கட்டை போடலாம். சுமைக்கு ஏற்றபடி பின் ஷாக்கை இறுக்கி வைக்கலாம். பனிமூட்டத்தில் போகிறவர்கள் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் விளக்கையும் ஹாரனையும் நேராகப் பெரிய பேட்டரியில் கொடுக்கக் கூடாது. வண்டியில் 12 வோல்ட் தனி லைன் ஒன்று இருக்கும். அதில்தான், ஃபியூஸ் வைத்துத்தான் கொடுக்க வேண்டும். வயரை அறுத்து முறுக்கி டேப் சுற்றும் வேலை வேண்டாம். இன்னொரு பேட்டரியைப் பக்கத்தில் வைத்துச் சேர்த்துக் கட்டுவது ஆகவே ஆகாது. புதிய பேட்டரியும் பழைய பேட்டரியும் ஒன்றாக ஓடாது. ஒன்று மற்றொன்றுக்குள் பாயும்.

பராமரிப்புக்கு வருவோம். "கரண்டு வண்டிக்கு ஆயில் இல்லை, பிளக் இல்லை, ஒன்றும் பார்க்க வேண்டாம்" என்பார்கள். பாதி உண்மை.

பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் வண்டியில் அச்சு நட்டைக் கவனிக்க வேண்டும். மோட்டார் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அந்த நட்டை அசைக்கப் பார்க்கும். நட்டு தளர்ந்தால் அச்சு சுழலும். அச்சு வழியாக வரும் வயர் முறுக்கி அறுந்துபோகும். ஓடும்போது சக்கரம் பூட்டிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. மாதம் ஒரு முறை மெக்கானிக்கிடம் சரியான அளவில் இறுக்கச் சொல்லுங்கள். செயின் அல்லது பெல்ட் வண்டியானால் அதன் தொய்வைப் பாருங்கள்.

டயர் காற்று வாரம் ஒரு முறை. எவ்வளவு காற்று என்று வண்டியிலேயே சீட்டு ஒட்டியிருக்கும், படித்துப் பார்த்துச் சொல்லுங்கள். பேட்டரியால் வண்டி கனம் அதிகம். காற்றுக் குறைந்தால் டயரும் தேயும், தூரமும் குறையும்.

கைப்பிடியை விட்டாலே வண்டி தானாக வேகம் குறையும். அதனால் பிரேக் கட்டை மெதுவாகத்தான் தேயும். தேயவில்லையே என்று வருஷக்கணக்கில் பார்க்காமல் விட்டால் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.

தங்கவயலுக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. சயனைடு மேட்டு மண். காற்றுக் காலத்தில் மாவு மாதிரி பறந்து வந்து எல்லாவற்றிலும் உட்காரும். அதைத் தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பீய்ச்சிக் கழுவக் கூடாது. தண்ணீர் கன்ட்ரோலருக்குள்ளும் இணைப்புகளுக்குள்ளும் போய்விடும். உலர்ந்த துணியால் துடைத்து, சந்துகளை மெல்லிய பிரஷால் தட்டிவிட்டு, ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு செய்யுங்கள். சார்ஜ் போடும் துளையின் மூடி எப்போதும் மூடியே இருக்கட்டும்.

நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு வயர் இணைப்புகளின் வெளிப்புறத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் கறுத்திருக்கிறதா? உருகியிருக்கிறதா? பிரிக்க வேண்டாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். 72 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். ஈரக்கையில் அதுவும் ஆபத்துதான். பேட்டரியின் இரண்டு முனைகளில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் வெல்டிங் வைத்தது போல ஒட்டிக்கொள்ளும். வேலை செய்கிறவர்கள் முதலில் பேட்டரி சுவிட்சை அணைக்க வேண்டும். மோதிரம், வளையல், வெள்ளி அரைஞாண், எல்லாவற்றையும் கழற்றி வைக்க வேண்டும்.

லித்தியம் பேட்டரியை முழுதாகக் காலி செய்யாமல், 20-க்கும் 80-க்கும் நடுவில் வைத்து ஓட்டினால் நெடுநாள் உழைக்கும். தூரப் பயணம் இருந்தால் மட்டும் முழுசாக ஏற்றலாம். ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டி நின்றால் பாதி சார்ஜில் நிறுத்த வேண்டும். பழைய காரீய பேட்டரி வண்டிக்கு இது நேர் எதிர். அதை எப்போதும் நிரப்பியே வைக்க வேண்டும். எந்த வகை என்று சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகன் பெரிய சார்ஜரைத் திருப்பிக் கொடுத்தான். கடைக்காரர் 300 ரூபாய் பிடித்துக்கொண்டார். அந்தக் கோபம் மகனுக்கு ஒரு வாரம் இருந்தது. பழைய சார்ஜரையே வைத்துக்கொண்டான். வேலையிலிருந்து வந்து அரை மணி நேரம் கழித்து, வெளியே ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே மாட்டுவான். இரவு பன்னிரண்டுக்கு முன் ஏறி முடிந்துவிடும். எடுப்பது நைனாவின் வேலை. சுரங்கத்தில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவருக்குச் சீக்கிரம் தூக்கம் வராது.

உள்சுவரில் ஆணியில் ஒரு நோட்டு தொங்குகிறது. அம்மா எழுதுகிறார். தேதி, ஓடிய கிலோமீட்டர், காற்று அடித்த நாள், நட்டு இறுக்கிய நாள். எழுத்து இன்னும் கொஞ்சம் கோணல்தான். போன மாதம் ஒரு பக்கத்தில், "68 கி.மீ. முந்தாநாள் 61. ஏன்?" என்று இருந்தது. மகன் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். கூட்டாளியை வீட்டில் இறக்கிவிடச் சுற்றிக்கொண்டு வந்திருந்தான்.